மூட்டை இறக்கிய வாயில் போட்ட கண்ணாடி

கண்ணாடிக்குக் கோட்டிங் பூசும் எங்கள் பழைய குழுவின் வாட்ஸப்பில் கொஞ்ச நாளாக ஒரே அமர்க்களம். மலையில் கண்ணாடிப் பாலம் ஒன்று வந்திருக்கிறதாம், வேன் பிடித்து எல்லோருமாகப் போய் வரலாமாம். பாலத்தின் நடுவில் நின்று காலுக்குக் கீழே பார்த்தால் அடிவயிறு கலங்கிவிடும் என்று ஷைனி எழுதியிருந்தாள். நாகர்கோவில்காரி. நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். அடிவயிறு கலங்குவதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு மலையேற வேண்டுமா? நான் வரவில்லை என்று ஒரே வரியில் பதில் போட்டேன்.

விட்டார்களா? "சேச்சி, ஆயுசு பூரா கண்ணாடியத் தடவின ஆளு நீங்க. நீங்களே பயந்தா நாங்க எங்க போறது?" என்று ஷைனி குரல் பதிவு அனுப்பினாள். இன்னொருத்தி சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். கட்டை விரலால் குத்திக் குத்தி எழுதி மாளாது என்பதால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஷைனி படித்துவிட்டு மற்றவர்களுக்கு மலையாளத்தில் சொல்லட்டும். என் பயம் கண்ணாடியை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு வந்த பயம். அதைக் கேலி செய்கிறவர்கள் முதலில் முழுக்கக் கேட்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சியில், மட்டாஞ்சேரி கூவப்பாடத்தில். அப்பா காலத்தில் இங்கே வந்து தங்கிய குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். என் மகள் கவிதாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவளுக்கு விடிந்துவிடும். ஆகவே இதை அவள் படித்துவிடுவாளோ என்ற கூச்சம் இல்லாமல் எழுதலாம்.

என் வீட்டுக்காரர் பஜார் ரோட்டில் சுக்கு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கவிதா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எர்ணாகுளத்தில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். துடைப்புதானே, வீட்டில் செய்யாததா என்று நினைத்துக்கொண்டு போனேன். முதலில் பல நாள் துணி மடிக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சிரிக்காதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. துணியைச் சின்னதாக மடித்து, ஒரு பக்கத்தால் ஒரே ஒரு தடவை இழுக்க வேண்டும். பிறகு அடுத்த மடிப்பைப் புரட்ட வேண்டும். ஒரு தடவை இழுத்த பக்கத்தில் தூசி ஏறியிருக்கும். தூசி என்றால் மணல்தான். அதே பக்கத்தால் மறுபடியும் இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, மேலிருந்து கீழே நேர்கோடு. அதற்கும் முன்னால் தண்ணீர் விட்டு அலச வேண்டும். உலர்ந்த கண்ணாடியில் உலர்ந்த துணியை வைத்தவளுக்கு அன்றைக்கு எங்கள் சாரிடம் பேச்சே கிடையாது.

சார் என்றால் வர்கீஸ் சார். கும்பளங்கிக்காரர், இன்ஜினீயர், ஒல்லியான மனுஷன். சென்னைப் பக்கம் கண்ணாடி ஃபாக்டரியில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டும் என்றால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நமக்குக் காது கேட்காமல் கிட்டே போக வேண்டும், போனால் அந்தத் திட்டை அருகிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்ததே இல்லை. டார்ச்சை எடுத்துக் கண்ணாடியோடு கண்ணாடியாகப் படுக்க வைத்து அடிப்பார். அப்படி அடித்தால் நேரே பார்க்கும்போது தெரியாத கீறலெல்லாம் முடி முடியாக எழுந்து நிற்கும். கீறல் கண்ணில் பட்டதும் சுண்டுவிரல் நகத்தை அதன் குறுக்கே மெல்ல இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலே பூசியதில் மட்டும்தான் கீறல். நகம் தடுக்கி நின்றால் கண்ணாடிக்குள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தால் அவர் சொல்வது ஒரே வாக்கியம். "இப்போ கொழப்பமில்லா." இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. அந்த 'இப்போ'வை அவர் ஒரு தடவைகூட விட்டுவிட்டுச் சொன்னதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். "எப்பவும் குழப்பமில்லன்னு ஒரு தடவை சொல்லுங்களேன் சார், நாங்க நிம்மதியா வீட்டுக்குப் போறோம்" என்று கேட்டிருக்கிறேன். சிரிக்காமல் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றைத் தடவி என்ன ஆகப்போகிறது என்று ஆரம்பத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர்தான் விளக்கினார். கண்ணாடி உண்மையில் பலமான சாமான்தான். அதன் பலவீனமெல்லாம் மேல்தோலில். ஒரு பொடிக் கீறல் விழுந்தால் போதும், பாரம் ஏறும்போதெல்லாம் இழுப்பு முழுவதும் அந்தக் கீறலின் முனைக்குப் போய்ச் சேரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் வேறு. அந்த ஈரம் கீறலுக்குள் இறங்கி, அதன் முனையை நாள்பட நாள்பட நீட்டிக்கொண்டே போகும். நாம் பூசுவது மெல்லிய, கடினமான ஒரு படலம். மணல் அதன் மேல் விழுந்தால் கடிக்காமல் சறுக்கும். கண்ணுக்குத் தெரியாத பழைய பொடிக் கீறல்களை அது நிரப்பிவிடும், ஈரத்தை உள்ளே விடாது. கீறல் விழாவிட்டால் விரிசலுக்குத் தொடங்க இடமில்லை. "பக்ஷே இது கவசம் ஒண்ணும் இல்ல பவானி. கோபம் வந்தவன் கல்லைத் தூக்கிப் போட்டா நம்ம கோட்டிங் என்ன செய்யும்?" என்றார்.

எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடை. முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி, நாங்கள்தான் பூசினோம். கடைக்காரர் விளம்பர ஸ்டிக்கரை ஒட்டி, பிறகு அதை இரும்புத் தகட்டால் சுரண்டியிருக்கிறார். பூசியதையும் சேர்த்துச் சுரண்டி, கண்ணாடியிலும் ஒரு கோடு. சார் நகத்தை வைத்துப் பார்த்தார், நின்றது. மாற்றச் சொன்னார். ஓணம் வியாபாரம் முடியட்டும் என்றார் கடைக்காரர். ஓணம் வருவதற்குள் ஒரு மழைக்காலக் காலையில் ஷட்டரைத் தூக்கிய அதிர்வில் அந்தக் கண்ணாடி மேலிருந்து கீழே இரண்டாகப் பிளந்தது. அதன் அடியில் முல்லைப்பூ விற்கிற ஒரு தமிழ் அம்மா உட்காருவது வழக்கம். அந்த நேரம் சாயா குடிக்க எழுந்து போயிருந்ததால் பிழைத்தாள். நாங்கள் போய்ப் பார்க்கும்போது அவளுடைய கூடையில், பூவுக்கு நடுவே, வாள் மாதிரி ஒரு துண்டு குத்திக்கொண்டு நின்றது. அவள் சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் பயம் வந்து குடியேறியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வீட்டில் கவிதா கண்ணாடி டம்ளரை டக்கென்று மேஜையில் வைத்தால்கூட நான் கத்துவேன். டம்ளரைக் காதோரம் சுண்டி, நல்ல டம்ளரின் சத்தம் எது, விரிசல் விட்ட டம்ளரின் சத்தம் எது என்று அவளுக்குச் சொல்வேன். அவள், "அம்மாக்கு பிராந்து" என்பாள். பைத்தியமாம்.

இனி ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

பஜார் ரோட்டில் காயலைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய பண்டகசாலையை யாரோ வாங்கி ஹோட்டலாக்கினார்கள். அந்தக் காலத்து மண்டிகளில் மேல்மாடித் தரையில் பெரிய சதுரமாக ஒரு வாய் விட்டிருப்பார்கள். கப்பி போட்டு, கயிற்றில் கட்டி, மூட்டைகளை அதன் வழியாகத்தான் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். என் வீட்டுக்காரரும் இப்படி ஒரு வாயின் ஓரத்தில் நின்று கயிறு பிடித்தவர்தான். ஹோட்டல் முதலாளிக்கு அந்த வாயை மூட மனசில்லை. சுற்றிலும் இரும்புச் சட்டம் வைத்து, மேலே கண்ணாடித் தரை போட்டுவிட்டார். மாடியில் நின்று பார்த்தால் கீழே சாப்பாட்டு ஹால் தெரியும். கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்தால் நம் பாதம் தெரியும். இடையில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். கீழே கருங்கல் தரை.

மூன்று கண்ணாடிகளை நடுவே ஒட்டும் தாள் வைத்து ஒன்றாக்கிய தரை அது. மேல் கண்ணாடி நடமாட்டத்துக்கு, அடியில் இருக்கும் இரண்டும் பாரம் தாங்குவதற்கு. மேல் கண்ணாடிக்குப் படலம் பூசும் வேலை என் குழுவுக்கு. எல்லா வேலையையும்விட அதற்குத்தான் அதிகமாகப் பாடுபட்டேன் என்று சொல்வேன். பழைய மண்டியின் உத்தரத்திலிருந்து சுக்குத் தூளும் சுண்ணாம்புத் தூளும் சும்மா இருக்கும்போதே உதிரும். முதலில் மேலே தார்ப்பாய் கட்டினோம். ஜன்னல்களை அடைத்தோம். தண்ணீர் விட்டு அலசி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டார்ச்சைப் படுக்க வைத்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தோம். பிறகு திரவத்தைப் பஞ்சுக் கட்டையில் எடுத்து, ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறும்படி, நிறுத்தாமல் இழுத்தோம். நடுவில் தும்மல் வந்தால் அடக்க வேண்டும். முடிந்ததும் கதவைப் பூட்டி, காய்வதற்கு விட்டுவிட்டோம்.

காய்ந்த பிறகு சார் வந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தாமரை இலையில் விட்ட மாதிரி உருண்டு நின்றது. நகத்தை இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. "இப்போ கொழப்பமில்லா." பிறகு ஹோட்டல் மேனேஜரைக் கூப்பிட்டுத் தன் மெல்லிய குரலில் விதிகளைச் சொன்னார். ஹை ஹீல்ஸ் கூடாது. நாற்காலி, மேஜை, ஏணி, தள்ளுவண்டி, எந்த இரும்புச் சாமானும் கண்ணாடி மேல் வரக் கூடாது. ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. மேனேஜர் நல்ல மனுஷன், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஓரத்தில் ஒரு பலகையும் வைத்தார்.

அந்த ஹோட்டலில்தான் கவிதாவுக்கு ரிசப்ஷனில் வேலை கிடைத்தது. என் சிபாரிசு ஒன்றுமில்லை, படித்த பெண், தானே போய் இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குப் பெருமைதான். ஆனால் வேலையில் சேர்ந்த அன்றே, "அந்தக் கண்ணாடி மேல தேவையில்லாம நிக்காதே" என்று சொன்னேன். "நீ பூசினதுதானே அம்மா, அதுலே எனக்கென்ன பயம்?" என்றாள். நான் பூசியது என்பதால்தான் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

திறப்பு விழாவுக்குச் சாரையும் என்னையும் மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு சாரோடு கம்பெனி காரில் கிளம்பினேன். தோப்பும்படி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். போய்ச் சேரும்போது மாடியிலிருந்து நாகஸ்வர ரெக்கார்டு கேட்டது. படியேறினோம். படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. "எல்லாரும் வெறுங்காலா? நல்லது" என்று சார் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷம் மாடி ஏறி முடிக்கிற வரைக்கும்தான் இருந்தது.

கண்ணாடித் தரையின் நட்டநடுவில் குத்துவிளக்கு. என் நெஞ்சளவு உயரம், வெண்கலம். அடியில் வாழையிலையின் நுனியை விரித்து அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் நெல் நிறைத்த பறையும், தண்ணீர் நிறைத்த கிண்டியும். பறை என்றால் நெல் அளக்கிற மரக்கால், கிண்டி என்றால் மூக்கு வைத்த வெண்கலச் செம்பு. கீழே ஹாலில் நின்றுகொண்டு ஒரு போட்டோகிராஃபர் நேர் மேலே கேமராவை வைத்திருந்தார். விளக்கு ஆகாயத்தில் நிற்கிற மாதிரி படம் வருமாம். அவருடைய யோசனைதான் அது.

யாரைக் குற்றம் சொல்வது? மேனேஜர் பலகையில் எழுதியபடி ஒரு நாற்காலியைக்கூட ஏற விடவில்லை. ஆறு பேர் என்ற கணக்கையும் விடவில்லை. விழா என்றால் விளக்கு. விளக்கை யாராவது இரும்புச் சாமானோடு சேர்த்து நினைப்பார்களா? விதி சொன்ன சாருக்கே தோன்றவில்லை. பக்கத்தில் நின்று கேட்ட எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறவள் நான்.

கண்ணாடியின் ஓரத்திலிருந்து விளக்கின் அடி வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு போயிருந்தது. தூக்க முடியாமல் இழுத்திருக்கிறார்கள். விளக்கின் அடியில் மணலோ கல்லோ ஒட்டியிருந்திருக்கும். கோட்டின் மிச்சத்தை இலை மறைத்துக்கொண்டிருந்தது. சார் ஏதோ கீழே விழுந்ததை எடுக்கிறவர் போல ஓரத்தில் குனிந்தார். சுண்டுவிரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே இழுத்தார். நகம் நின்றது.

கண்ணாடி மேல் அப்போது ஆறு பேர். எம்.எல்.ஏ., முதலாளி, முதலாளியின் மனைவி, இரண்டு பெரிய மனிதர்கள். ஆறாவது ஆள் கவிதா. கசவுப் புடவை கட்டிக்கொண்டு, கைவிளக்கு வைத்த தட்டை ஏந்தி நின்றாள். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே, சேலை நன்றாக இருக்கிறது என்றாள்.

திரிகளை ஏற்றி முடித்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் காயல் காற்று வந்து சுடரை ஒரு பக்கம் சாய்த்தது. எரிகிற திரி ஒன்றின் நுனி முறிந்து, எண்ணெயோடு இலைக்கு வெளியே கண்ணாடியில், அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தது. விழுந்த இடத்தில் சின்னதாக நின்று எரிந்தது. "அய்யோ" என்று சிரித்துக்கொண்டே முதலாளியின் மனைவி கிண்டியை எடுத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினார்.

டிக்.

நாகஸ்வரத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இலையின் ஓரத்திலிருந்து ஒரு முடி இழை கிளம்பி, ஒரு சாண் ஓடி, நின்றது. அதன் முனை கவிதாவின் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் பெயரைக் கத்த வாயைத் திறந்தேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கத்தண்டா பவானி. கத்தினா எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவாங்க. முகத்துல காட்டாதே." பிறகு அருகில் நின்ற மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் படியில் தடதடவென்று இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குக் கீழே அவர் போட்டோகிராஃபரை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது.

கவிதா என்னையே பார்த்தாள். நான் சிரித்தேன். பல்லைக் காட்டி, தலையை ஆட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி சிரித்தேன். வேலை இடத்தில் நான் சிரித்து என் குழுவே பார்த்ததில்லை.

வர்கீஸ் சார் குரல் உயர்த்திய ஒரே நாள் அது. "சார், மேடம், போட்டோ இந்தப் பக்கம் நின்னுதான் எடுக்கணும். லைட் இங்கேதான் நல்லா இருக்கு. ஒவ்வொருத்தரா வரணும், பதுக்கெ, பதுக்கெ." மெதுவாக, மெதுவாக. போட்டோ என்றதும் எம்.எல்.ஏ. தான் முதலில் வந்தார். அடுத்து அந்த இரண்டு பெரிய மனிதர்கள். முதலாளி வந்தார். அவருடைய மனைவி வந்தார், வந்தவர் திரும்பிப் பார்த்தார். காற்றில் சுடர் ஆடி, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"மோளே, விளக்க அப்படியே விட்டுட்டு வராதே. அணைச்சிட்டு வா. ஊதிடாதே கேட்டோ" என்றார் கவிதாவைப் பார்த்து.

கவிதா நின்றாள். நான் சாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், "அணைக்கட்டே. இன்னொரு திரி அங்கே விழுந்தா விரிசல் இன்னும் ஓடும்" என்றார். என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை. நான் ஓடிப்போய் அவளோடு நின்றால் பாரம் கூடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் என் கால் ஒரு தடவை முன்னால் போனது. அவர் இழுத்தார்.

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. திரியை விரலால் எண்ணெய்க்குள் இழுத்துத் தாழ்த்தித்தான் அணைக்க வேண்டும். நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். கவிதா தட்டைக் கீழே வைக்காமல் இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலால் முதல் திரியைத் தாழ்த்தினாள். புகை எழுந்தது. பிறகு இரண்டாவது. அவள் நகரும்போது கால் எங்கே வைக்கிறாள் என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் கருங்கல் தரை தெரிந்தது, காலி நாற்காலிகள் தெரிந்தன. மூன்றாவது திரிக்கு அவள் விளக்கின் மறுபக்கம் போனபோது அந்த இழை இன்னும் ஒரு விரல்கடை நீண்டது. நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். கன்னம் வலித்தது. குலசாமியைக் கூப்பிடக்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ஊதித் தொலையேன், ஊதிவிட்டு ஓடி வாயேன் என்று மட்டும் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது திரியும் அணைந்தது. அவள் நேராக எங்கள் பக்கம் வரவில்லை. கண்ணாடியின் விளிம்புக்குப் போய், அடியில் இரும்புச் சட்டம் இருக்கிற ஓரமாகவே, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஏன் சுற்றுகிறாள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. மரத்தரையில் கால் வைத்ததும் அவளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அம்மா, தட்டு சாயுது" என்றாள்.

நாங்கள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அந்த இழை சர்ரென்று ஓடி எதிர் விளிம்பைத் தொட்டது. கிளை கிளையாகப் பிரிந்தது. நாகஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். கூட்டம் முழுவதும் பின்னால் நகர்ந்தது. கண்ணாடி விழவில்லை. விளக்கும் அசையாமல் நின்றது. மேல் கண்ணாடி மட்டும்தான் உடைந்திருந்தது, ஒட்டும் தாள் ஒரு சில்லைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிற்பாடு பலகை போட்டு, நான்கு பேர் சேர்ந்து விளக்கைத் தூக்கினார்கள். இழுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு சாரிடம் கேட்டேன். "அடியில ரெண்டு இருக்கே சார். தாங்கும்னு உங்களுக்குத் தெரியுமில்லே?"

"அறியாம். நான் போட்ட கணக்கல்லே." தெரியும், அவர் போட்ட கணக்குதானே என்கிறார்.

"அப்புறம் ஏன் இப்படிப் பிடிச்சீங்க?" என் மணிக்கட்டைக் காட்டினேன். அவருடைய விரல்கள் அப்படியே பதிந்து சிவந்திருந்தன.

அவர் அதைப் பார்த்துவிட்டு, "சாரி" என்றார். பிறகு, "கணக்கு சரியா இருந்தாலும் மேலே ஆள் நிக்கும்போது என்னால நம்ப முடியல பவானி" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். அடுத்த வேலையிலிருந்து அவர் சொல்லும் விதிகளில் குத்துவிளக்கு, பறை, கிண்டி மூன்றும் நாற்காலிக்கு முன்னால் வந்தன. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஷைனி, நீயும் சிரித்திருக்கிறாய்.

சாயங்காலம் கவிதாவும் நானும் ஓட்டோவில் வீட்டுக்கு வந்தோம். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் இறங்கி வந்த பிறகுதான் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். நாளைக்கும் அவள் அங்கேதானே வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் விளக்கைப் போட்டதும் பார்த்தேன், அவளுடைய வலக்கை விரல் நுனியெல்லாம் சிவந்து கொப்பளித்திருந்தது. மருந்து டியூபை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு சுட்டிருக்கு, வலிக்கலியா? டக்கு டக்குன்னு அணைச்சிருக்கலாமே."

"டக்குன்னு இழுத்தா திரி வெளிய விழும். விழுந்தா இன்னும் உடையும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கேட்டேன்மா" என்றாள். "டிக்குன்னு. என் காலுக்கடியிலதானே. விரிசல் விட்ட டம்ளர் சத்தம் அறியாத ஆளா நான்? நீ சொல்லிச் சொல்லித் தந்ததல்லே?"

"கேட்டிருந்தா ஏண்டி அங்கேயே நின்னே? ஓடி வந்திருக்கலாம்ல?"

"ஓடினா எல்லாரும் ஓடுவாங்க. பின்னே, முதல்ல அது அந்தச் சத்தம்தானான்னு ஒரு சம்சயம். அப்ப உன்னைப் பாத்தேன். நீ சிரிச்சே. இத்தனை வருஷத்துல கண்ணாடிப் பக்கத்துல நீ சிரிச்சு நான் கண்டதில்ல. அப்பத்தான் எனக்கு நிஜமாவே பயமாச்சு."

டியூபின் மூடியைத் திறந்தேன். மருந்து அவள் விரலில் படவில்லை, பாயில் விழுந்தது. இன்னொரு தடவை பிதுக்கினேன், அவள் புடவையில் விழுந்தது. முடி அளவு பிசகாமல் கோடு இழுத்த கை என்னுடையது.

"மதிம்மா, போதும், குடு" என்று கவிதா டியூபை என்னிடமிருந்து வாங்கி, இடக்கையால் தானே தடவிக்கொண்டாள்.